அடுத்த ஒழுங்கையில் அதே வீடு

"வாசல்ல கிடக்கிற செருப்பெல்லாத்தையும் எடுக்கிறன், அக்கா. கட்டடம் மட்டும்தான் தெரிய வேணும்."

"செருப்பில்லாத தமிழ் வீடு எங்கையடா இருக்கு? ஆக்கள் பேய் வீடெண்டு நினைக்கப்போகினம்."

துஷாரா சிரித்துக்கொண்டே கமராவுக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவள் நடிகை அல்ல. முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். சித்தி மகன் ஜெசிந்தன் விடுமுறை நாட்களில் தனியாளாக எடுக்கும் படத்துக்கு வீட்டையும் தன்னையும் கொடுத்திருந்தாள். ஒரே சுவரின் இரு பக்கமும் பத்து வருடம் வாழ்ந்தும் முகம் பார்க்காத இரண்டு பெண்களின் கதை. டென்மார்க்கில், அல்பர்ட்ஸ்லுண்டின் இந்தப் பகுதி அதற்குப் பொருந்தியது. தட்டைக் கூரை, சாம்பல் சுவர், ஒரே மாதிரிக் கதவு; ஒழுங்கைக்கு ஒழுங்கை அதே வீடுகள்.

காட்சி முடிந்தபோது குளிர்காலத்து மாலை நான்கு மணி. வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. மேனுஜா இன்னும் வரவில்லை.

ஐந்து வயது மகள் ஒழுங்கை முனையிலுள்ள சோபி வீட்டில் விளையாடிவிட்டுத் தனியாகத்தான் வருவாள். இங்கே பிள்ளைகளுக்கு அது பழக்கம். துஷாரா சோபியின் தாயைத் தொலைபேசியில் அழைத்தாள். பேசி முடித்தபோது அவள் குரல் மாறியிருந்தது.

"அரை மணித்தியாலத்துக்கு முன்னமே வெளிக்கிட்டுட்டாளாம்."

வாசலில் காலில் மாட்ட ஒன்றுமில்லை. காலுறையோடு ஓடினாள். ஒழுங்கைகள் முடியும் இடத்தில் கால்வாய். தண்ணீர் பெரியவர்களுக்கு இடுப்பளவுதான். ஐந்து வயதுக்கு அது போதும். கரையில் குனிந்து பெயரைச் சொல்லிக் கத்தினாள். மறு கரையில் நாயோடு நின்ற மனிதர் இல்லையென்று தலையாட்டினார். தண்ணீரில் இலைகள் மட்டும் மிதந்தன. சிவப்பாக ஏதோ தெரிந்தது; மேனுஜாவின் குளிர்ச்சட்டையும் சிவப்பு. அது ஒரு பிளாஸ்டிக் பை.

நனைந்த காலுறை வழியாகக் குளிர் ஏறியது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மேனுஜாவுக்கு இலக்கம் வாசிக்க வராது. வீட்டை அவள் அடையாளம் காண்பது வாசலில் குவிந்து கிடக்கும் செருப்புகளை வைத்துத்தான்.

"தம்பி, செருப்புகளை எங்க வைச்சனீ?"

பின்னால் ஓடி வந்த ஜெசிந்தனுக்கு மூச்சு வாங்கியது. "பின் ஒழுங்கையில, எனக்குப் படச் சாமான் வைக்கத் தந்த வெறும் வீட்டில."

"உள்ளுக்கோ?"

"இல்லை அக்கா. செருப்பை ஆர் வீட்டுக்குள்ள வைக்கிறது? வாசல்லதான் அடுக்கினனான்."

அந்த வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. அதே நடை, அதே யன்னல், அதே வலப்பக்க அறை. சோபா இல்லை. திரைச்சீலை இல்லை. சுவரில் படம் இல்லை. தன் கட்டில் இருக்கவேண்டிய மூலையில், சுவரோடு ஒட்டி, குளிர்ச்சட்டையோடு மேனுஜா நின்றாள். அழுது முடிந்து விக்கல் மட்டும் மிஞ்சியிருந்தது. துஷாரா அள்ளி அணைத்தபோது பிள்ளையின் உடம்பு மரக்கட்டை போலிருந்தது.

"என்னை விட்டுவிட்டு எல்லாவற்றையும் எங்கே கொண்டுபோனீர்கள்?" என்று டேனிஷில் கேட்டாள்.

"இது எங்கட வீடில்லையம்மா."

"எங்கள் வீடுதான்."

"அக்கா, நான்..." என்று ஜெசிந்தன் தொடங்கினான்.

"நீ ஒண்டும் கதைக்காத."

தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகும் மேனுஜா தாயின் கழுத்தை விடவில்லை. துஷாரா அவளைக் கட்டிலருகே கொண்டுபோனாள். பிள்ளை ஒரு கையை மட்டும் நீட்டி மெத்தையை அழுத்திப் பார்த்தாள்.

"நாளைக்கும் இது இருக்குமா?"

துஷாரா ஓம் என்றாள். மேனுஜா நம்பவில்லை.