நரி கூப்பிடும் வேலை

எங்கள் ஊர் நரிகள் கவலைக்குத்தான் வரும். முயல் அலறுகிற மாதிரி ஊதல் ஊதினாலும், கோழிக்குஞ்சு மாதிரி கத்தினாலும் திரும்பிக்கூடப் பார்க்காது. ஒரு மனிதன் உண்மையிலேயே கவலைப்பட்டுக் கூப்பிட வேண்டும். அவன் யாரைப் பற்றிக் கவலைப்படுகிறானோ அவர்களைப் போல ஒரு பொம்மையைக் காட்டில் நிறுத்த வேண்டும். அப்போது ஓடை முள்ளுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வந்து பொம்மையைச் சுற்றி உட்காரும். வலையை இழுத்துவிடலாம்.

பிடித்த நரிகளை யாரும் அடிப்பதில்லை. வேனில் ஏற்றி மலைக்கு அப்பால் விட்டுவிடுவோம். எட்டாம் நாள் சாயங்காலம் ஐந்தேகால் பஸ்ஸில் அவை திரும்பி வந்துவிடும். இடைப்பட்ட நாட்களில் கடலைக்காடு கொஞ்சம் தப்பிக்கும். அதனால் இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை கூப்பாடு வைக்கிறோம்.

எனக்கு முன்னால் தவசி அண்ணாச்சி முப்பது வருஷம் கூப்பிட்டார். அவருடைய கவலை அவர் மகன். அந்த மகனுக்கு அரசாங்க வேலை கிடைத்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை அண்ணாச்சி தொண்டை கிழியக் கத்தியும் ஒரு கீரிப்பிள்ளைகூட எட்டிப் பார்க்கவில்லை. கடலை விவசாயிகள் சங்கத்தில் அவருக்குச் சால்வை போட்டு அனுப்பி வைத்தார்கள். அடுத்து யார் என்று பேச்சு வந்தபோது எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் அப்படிப்பட்ட ஆள்தான், மறைத்து என்ன ஆகப்போகிறது. வீட்டைப் பூட்டி மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போய், பஸ் ஏறிய பிறகு இறங்கித் திரும்பி வருவேன். எனக்கு ஒரே மகள், வேணி. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு அவள் வரப் பத்து நிமிஷம் பிந்தினால் நான் தெருமுனைக்கு ஓடிவிடுவேன்.

கூப்பாட்டு நாளில் நான்கு மணிக்கு என் மனைவி குருவம்மா, வேணியை யாராவது ஒருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவாள். எந்த வீடு என்று எனக்குச் சொல்லக் கூடாது. பிள்ளை இருக்கும் இடம் தெரிந்துவிட்டால் குரலில் சத்து இருக்காது. வேணியின் துவைக்காத யூனிஃபார்ம் ஒன்றில் வைக்கோல் திணித்து, இரட்டைச் சடைக்கு ரிப்பன் கட்டிக் கடலைக்காட்டின் நடுவில் நிறுத்துவார்கள். நான் வரப்பில் உட்கார்ந்து, "வேணி, வந்துட்டியாம்மா?" என்று கேட்பேன். வைக்கோல் பதில் சொல்லாது. பதில் வராத ஒவ்வொரு தடவையும் என் குரல் தானாக ஏறும். ஆறாவது தடவைக்குள் முதல் நரி வந்துவிடும். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் வேணி சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். அதற்குப் பிறகுதான் நான் செருப்பைக் கழற்றுவேன்.

இப்படி இரண்டு வருஷம் ஒழுங்காகப் போயிற்று. கெடுத்தது குருவம்மாவின் இரக்கம். ஒரு செவ்வாய்க்கிழமை நான் குடித்த டீயையெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் முதுகைத் தடவிவிட்டு, குனிந்து காதில் சொன்னாள்.

"பொன்னுத்தாயி மதினி வீட்லதான் இருக்கா. முறுக்கு தின்னுக்கிட்டு டிவி பாக்கா. நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க."

நிம்மதியாகத்தான் போனேன். நாற்பது தடவை கூப்பிட்டேன். ஒரு நரியும் வரவில்லை. பின்னால் வலையைப் பிடித்து நின்ற சங்கச் செயலாளர் சங்கரபாண்டிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"ஏ இசக்கி, மகளைக் கூப்பிடுதியா, மாட்டைக் கூப்பிடுதியா?" என்றார்.

அந்த வாரம் கீழக்காட்டில் எட்டு ஏக்கர் கடலையை நரிகள் தோண்டித் தின்றன. சங்கம் கூடியது. குருவம்மா செய்தது தப்பு என்று அவள் முன்னாலேயே சொன்னார்கள். அவளும் ஒத்துக்கொண்டாள். இனிமேல் வேணியை ஒளித்து வைக்கும் பொறுப்பு ஒருத்தர் கையில் இருக்கக் கூடாது, ஐந்து பேர் கைமாற வேண்டும், தனக்கு அடுத்தவர் யார் என்பதைத் தவிர ஒருவருக்கும் ஒன்றும் தெரியக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். அப்போதே எனக்கு மனசு சரியில்லை. ஆனால் எனக்கு மனசு சரியில்லாமல் இருப்பதுதான் சங்கத்துக்கு வேண்டியது.

அடுத்த கூப்பாட்டு நாள் காலையில் துவைக்கப் போட்டிருந்த துணியில் என்னுடைய நீலக் கட்டம் போட்ட சட்டையைக் காணவில்லை. அதைத் தேடிக்கொண்டிருந்தபோது வேணி பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"யப்பா, செவ்வாக்கிழமை ஆனா நீங்க சோறே திங்க மாட்டேங்கிறீக. எனக்கு அங்கன பள்ளிக்கூடத்துல பாடமே ஏற மாட்டேங்குது."

"ரோட்டு ஓரமாப் போ. சைக்கிள்காரன் வருவான்" என்றேன்.

அவள் போனாள். நான் சட்டையைத் தேடப் போய்விட்டேன். அவள் சொன்னதை அன்றைக்கு நான் காதில் வாங்கவே இல்லை. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்று சாயங்காலம் மாதிரி நான் என்றைக்கும் கூப்பிட்டதில்லை. வழக்கமாகக் குருவம்மாவுக்காவது தெரியும் என்று ஒரு பிடி இருக்கும். அன்றைக்கு அவளும் வரப்பில் என் பக்கத்தில் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றாள். இரண்டாவது தடவை கூப்பிட்டபோதே நரிகள் வர ஆரம்பித்தன. மொத்தம் பத்தொன்பது. வைக்கோல் வேணியைச் சுற்றி வரிசையாக உட்கார்ந்தன. வலை விழுந்தபோதும் ஒன்றும் எழுந்திருக்கவில்லை. சங்கரபாண்டி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வீட்டுக்கு வந்தால் வேணி இல்லை.

குருவம்மா அவளைப் பொன்னுத்தாயி மதினியிடம் கொடுத்திருந்தாள். மதினி தையல்காரர் வீட்டில் கொடுத்திருந்தாள். தையல்காரர் ரேஷன் கடைக்காரரிடம். அவர் சத்துணவு டீச்சரிடம். டீச்சர் தவசி அண்ணாச்சியிடம் கொடுத்திருந்தார். அண்ணாச்சி தன் பம்புசெட் அறை வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"இங்கனதான் இருந்தா. ஓடைப் பக்கமிருந்து ஒரு கூப்பாடு வந்துச்சு. உன்னைப் பத்தின கூப்பாடு, இசக்கி. முப்பது வருஷம் இதே தொழில்ல இருந்தவன் சொல்லுதேன், அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது. புள்ள செருப்பைக்கூடப் போடாம ஓடிட்டா."

"நீங்க பிடிச்சு நிறுத்தலையா அண்ணாச்சி?" என்று குருவம்மா கேட்டாள்.

"எனக்கே கால் நிக்கலையேம்மா. பத்தொன்பது நரி ஒண்ணா உங்க பக்கம் வந்ததுமே, மிச்ச நரிக ஓடைப் பக்கம் என்ன செய்யுதுன்னு நான் யோசிச்சிருக்கணும்."

எல்லோரும் ஓடைக்குப் போனோம். மணலில் நான் நின்றுகொண்டிருந்தேன். நீலக் கட்டம் போட்ட சட்டைக்குள் வைக்கோலுக்குப் பதிலாகக் கடலைக்கொடி திணித்திருந்தது. இடது தோள் கொஞ்சம் சரிந்திருந்தது. நான் அப்படித்தான் நிற்பேன் என்று குருவம்மா சொன்னாள். பொம்மையின் முன்னால் வேணியின் சாப்பாட்டு டப்பா திறந்திருந்தது. மத்தியானச் சோற்றில் பாதியை எனக்கென்று மிச்சம் வைத்திருந்தாள். பக்கத்தில் வலை இழுபட்ட தடமும், வேன் திரும்பிய தடமும் இருந்தன. தடம் மலையைப் பார்த்துப் போயிற்று.

சங்கரபாண்டி குனிந்து பார்த்தார்.

"நரிக நம்ம முறைப்படிதான் செஞ்சிருக்கு. எட்டாம் நாள் வந்துருவா" என்றார்.

அந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்கக் கூடாது. மலைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கள் வேன் ஓட்டுகிறவனைக் கேட்டால், கதவைத் திறந்துவிட்டு உடனே திரும்பிவிடுவேன், நின்று பார்த்ததில்லை என்றான். அவளிடம் செருப்பு இல்லை. பஸ்ஸுக்குக் கை காட்டத் தெரியுமா, கூச்சப்பட்டுக்கொண்டு நின்றுவிடுவாளா? நான் வாசற்படியில் உட்கார்ந்தே இருந்தேன். கூப்பிடவில்லை, வாயே திறக்கவில்லை. ஆனாலும் பிடிபடாத மூன்று நரிகள் தினமும் வந்து எதிரே உட்கார்ந்திருந்தன. குருவம்மா அவற்றைத் தாண்டித்தான் தண்ணீர் எடுக்கப் போனாள்.

எட்டாம் நாள் ஐந்தேகால் பஸ் ஐந்தே முக்காலுக்கு வந்தது. பின்பக்க வாசல் வழியாக நரிகள் இறங்கின. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். பத்தொன்பதாவது நரியும் இறங்கிவிட்டது. நடத்துநர் விசிலை வாயில் வைத்தார். எனக்கு உயிரே போய்விட்டது. அப்போது முன்பக்க வாசலில் வேணி இறங்கினாள்.

ஒரு சடை அவிழ்ந்திருந்தது. காலெல்லாம் புழுதி. நேராக என்னிடம் வந்தாள்.

"யப்பா, சாப்பிட்டீகளா?"

நான் அழுதுவிட்டேன். குருவம்மா அவள் கால்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முள் எதுவும் ஏறியிருக்கவில்லை. ஒரு நரி மட்டும் போகாமல் எங்கள் பக்கத்தில் நின்றது.

"எனக்கு வேலை கிடைச்சிருக்குப்பா. இனிமே இவுகளுக்காக ஆளுகளை நான்தான் கூப்பிடணுமாம். வியாழக்கிழமை மட்டும்தான், அதுவும் பள்ளிக்கூடம் விட்ட பெறகு" என்றாள் வேணி.

"பரீட்சை வருதே" என்றாள் குருவம்மா.

"பரீட்சைக்கு லீவு உண்டாம்மா." பிறகு என் பக்கம் திரும்பினாள். "வியாழக்கிழமை நாலு மணிக்கு மேல நீங்க எங்க இருக்கீகன்னு எனக்குத் தெரியக் கூடாதாம்பா. அம்மாவும் சொல்லக் கூடாதாம். இரக்கப்பட்டுக்கூடச் சொல்லக் கூடாதாம்."

சொல்ல மாட்டேன் என்று குருவம்மா தலையாட்டினாள். என்னைப் பற்றி ஒரு பிள்ளை இவ்வளவு கவலைப்படும் என்று நான் நினைத்ததே இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வியாழக்கிழமையை நினைத்தால் பயமாகவும் இருந்தது.

"துவைக்காத சட்டை ஒண்ணு வேணும்" என்றாள்.

பஸ் நிறுத்தத்திலேயே சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். வேணி அதை முகர்ந்து பார்த்துவிட்டு நரியிடம் நீட்டினாள். அது சட்டைப்பையைத் துழாவி உள்ளே இருந்த வீட்டுச் சாவியை எடுத்து என்னிடம் கொடுத்தது. பிறகு சட்டையை மடித்து வாயில் கவ்விக்கொண்டு, சைக்கிள் எதுவும் வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ரோட்டு ஓரமாகவே நடந்து போயிற்று.