கூரை இல்லாத வண்டி

மாமியார் ருபியேலா மூட்டுவலியோடும் இரண்டு கோழிகளோடும் வந்து வீட்டோடு தங்கிவிட்ட பிறகு, யோலிமாவின் குடும்பத்துக்கு மோட்டார் சைக்கிள் போதவில்லை. அதற்கு முன்னாலும் போதவில்லைதான். டாங்க் மேல் சின்னவன் ஹசிந்தோ, அப்புறம் அவள் புருஷன் டுவான், அவன் முதுகில் ஒட்டிக்கொண்டு மகள் சலோமே, கடைசியில் பாதி உடம்பு வெளியே தொங்க யோலிமா. கலார்க்கா ஊரில் பாதிக் குடும்பங்கள் அப்படித்தான் போய்வந்தன. ஆனால் எந்தக் குடும்பமும் மாமியாரைக் கூடையில் வைத்துக் கட்டிக்கொண்டு போனதில்லை.

கார் வாங்குவது என்று முடிவானது. எந்தக் கார் என்பதில்தான் வீடு இரண்டுபட்டது.

யோலிமா காப்பிக் கூட்டுறவுச் சங்கத்தில் லாரி ஓட்டுகிறவள். மலையில் தோட்டம் தோட்டமாகப் போய் மூட்டை ஏற்றி வருவது அவள் வேலை. வாரம் முழுக்க ஆட்டமும் தூசியுமாக இருக்கிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமையாவது கதவு மூடி, கண்ணாடி ஏற்றி, சத்தமில்லாமல் போகிற வண்டி வேண்டும். ஆர்மேனியா என்ற பக்கத்து ஊரில் அவள் சித்தி மகன் ஒரு வெள்ளைக் காரை விற்கப் பார்த்துக்கொண்டிருந்தான். நாலு கதவு, எல்லா சீட்டுக்கும் பெல்ட், இடித்தால் உப்பி வந்து காப்பாற்றும் காற்றுப் பை. அவளுக்கு அதற்கு மேல் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

டுவானுக்கு வேண்டியது வில்லிஸ் என்ற பழைய பட்டாளத்து ஜீப். அவன் முடிவெட்டும் கடை வைத்திருந்தான். அந்தக் கடை நாற்காலியில் உட்காருகிற ஆண்பிள்ளை எவனும் ஜீப்பைப் பற்றிப் பேசாமல் எழுந்ததில்லை. ஆர்செசியோ என்ற பெரியவர் தன் சிவப்பு ஜீப்பைக் விற்றுவிடப்போகிறார் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து டுவானுக்குச் சோறு இறங்கவில்லை.

"அதுக்குக் கதவே இல்லையேடா," என்றாள் யோலிமா.

"ஏறுறதுக்கு வசதி."

"கூரை?"

"தார்ப்பாய் இருக்கு. மழை வந்தா போட்டுக்கலாம்."

"இங்க என்னிக்கு மழை வராம இருந்திருக்கு?"

"அப்ப என்னிக்கும் போட்டுக்கலாம். இதுக்கெல்லாமா சண்டை போடுவாங்க?"

ருபியேலா பொரிப்பதற்கு வாழைக்காயைத் தட்டிக்கொண்டே சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "ரெண்டையும் ஓட்டிப் பாருங்க. கட்டிக்கிறதுக்கு முன்னால நான் உங்கப்பனோட ரெண்டு தடவை ஆடிப் பாத்தேன். கால மிதிக்கலன்னதும்தான் சரின்னேன்."

ஆளுக்கொரு ஞாயிறு என்று பேச்சு முடிந்தது. இரண்டு தடவையும் ஒரே பாதை. சலென்டோ ஊரைத் தாண்டி டோச்சே மலைப்பாதையில் டுவானின் அண்ணன் மாடு வைத்திருந்தான். அங்கே போய் மதியம் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். இரண்டு தடவையும் ஓட்டப் போவது யோலிமாதான். டுவானுக்கு இரண்டு சக்கரத்துக்கு மேல் பழக்கமில்லை.

முதல் ஞாயிறு வெள்ளைக் கார். பொய் சொல்லக்கூடாது, நல்ல வண்டி. தார்ச்சாலையில் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி போயிற்று. ஹசிந்தோ தூங்கினான், சலோமே போனில் எதையோ பார்த்துக்கொண்டு வந்தாள். ருபியேலா தெருக்காரர்கள் ஒவ்வொருவரின் கல்யாணத்தையும் கருமாதியையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். கண்ணாடி ஏற்றியிருந்ததால் ஒரு சொல்கூட வெளியே தப்பிப் போகவில்லை. சலென்டோ தாண்டி மண்பாதை தொடங்கியதும் வண்டியின் வயிற்றில் கல் இடித்தது. அடுத்த ஏற்றத்தில் இன்னொரு கல். அதற்கு அடுத்த வளைவில் சக்கரம் சேற்றில் சுற்றியது. யோலிமா பின்னாலேயே இறக்கி, ஒரு மேய்ச்சல் வேலிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். வாழையிலையில் கட்டிய கோழிச்சோற்றை அங்கேயே பிரித்துச் சாப்பிட்டார்கள். ஒரு பசு வேலிக்கு மேல் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பாத்தியா?" என்றான் டுவான்.

"வருஷத்துல ஒருநாள் போற பாதைக்காக மத்த நாளெல்லாம் நனையச் சொல்றியா? வாய மூடிட்டுச் சாப்பிடு."

அடுத்த ஞாயிறு ஜீப். காலையில் ஆர்செசியோ சாவியைக் கொடுக்கும்போது வண்டியின் நெற்றியை ஒரு தட்டு தட்டினார். "இதுக்குக் கொஞ்சம் முன்கோபம். ஆனா மனசு நல்ல மனசும்மா."

சலென்டோ வருவதற்குள்ளேயே யோலிமாவுக்கு மனசு விட்டுப்போயிற்று. காது அடைக்கிற சத்தம், கண்ணெல்லாம் தூசி. ஸ்டீரிங்கை ஒரு கை திருப்பினால்தான் சக்கரம் அரைக் கை திரும்புகிறது. பின்னால் எதிரெதிர் பெஞ்சில் பிள்ளைகள் ஒவ்வொரு குழிக்கும் கூச்சல் போட்டார்கள். ஹசிந்தோவை மாமியாரோடு சேர்த்து ஒரு கம்பளிப் போர்வையால் இறுகக் கட்டியிருந்தாள். அப்படியும் மண்பாதையில் வளைவுக்கு வளைவு திரும்பிப் பார்த்தாள். பிள்ளை விழுந்துவிட்டால் என்கிற பயத்தில் பாதையைப் பாதிதான் பார்த்தாள்.

"டுவான், நான் திருப்பப் போறேன்."

"இன்னும் ஒரே ஒரு வளைவு..."

"ஒரு வளைவும் வேணாம். இது வண்டியில்ல, திருவிழா ராட்டினம். என் பிள்ளைங்கள இதுல தினமும் ஏத்த மாட்டேன்."

டுவானின் முகம் சுருங்கியதைப் பார்த்து அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் திருப்ப இடம் தேடினாள். அடுத்த வளைவு கொஞ்சம் அகலமாகத் தெரிந்தது.

அந்த வளைவில்தான் கல்யாணப்பெண் நின்றாள்.

வெள்ளை கவுனை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, ரப்பர் பூட்ஸ் போட்டு, நடுப்பாதையில் நின்றாள். அவளுக்குப் பின்னால் மரப்பலகையால் பாடி கட்டிய பஸ் ஒன்று பாதி சக்கரம் சேற்றில் புதைந்து சாய்ந்திருந்தது. பஸ்ஸைச் சுற்றி அவளுடைய அப்பா, ஞானத்தாய், பூக்கூடையோடு இரண்டு அத்தைமார், கிட்டார்களைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி மூன்று பாட்டுக்காரர்கள்.

"எங்கம்மா கல்யாணம்?" என்று கேட்டாள் ருபியேலா.

"மேல டோச்சே கோயில்ல," என்றாள் பெண். அவள் பெயர் நோரால்பா. "பாதிரியார் மதியத்துக்குள்ள கிளம்பிடுவாரு. மாப்பிள்ளை ஏற்கெனவே ஒரு தடவை மனசு மாறினவன். அவன ரொம்ப நேரம் யோசிக்க விடக்கூடாது."

யோலிமா சிரித்துவிட்டாள். சிரித்தபிறகு மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

எல்லோரும் ஏறினார்கள். பெஞ்சில், பெஞ்சுக்கு நடுவில், பின்படியில், ஒருவர் மடியில் ஒருவர். ஜீப் முனகியது. ஆனால் கிளம்பிவிட்டது. யோலிமா சின்னக் கியரைப் போட்டு, நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுத்தாள். நடக்கிற வேகம்தான். அந்த வேகத்தில் வண்டியின் சத்தம் மாறியது. தார்ச்சாலையில் கத்திக்கொண்டிருந்த அதே இயந்திரம் இப்போது தாழ்ந்த குரலில், தனக்குத் தெரிந்த வேலை கிடைத்த ஆள்போல, உறுமிக்கொண்டு சேற்றைத் தின்றது. பஸ் தோற்ற இடத்தைத் தாண்டியது. வெள்ளைக் கார் தோற்ற வளைவு எப்போதோ கீழே போய்விட்டது.

பிறகு செங்குத்தான ஏற்றம். பாதி ஏறியபோது அவள் கையில் ஸ்டீரிங் திடீரென்று லேசாயிற்று. திருப்பினாள். வண்டி திரும்பவில்லை. பின்பாரம் தாங்காமல் முன்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பியிருந்தது. எதிரே பாதைக்குப் பதில் வானம் தெரிந்தது.

யோலிமா பிரேக்கை மெல்ல அழுத்தினாள். சக்கரம் இறங்கி மண்ணைத் தொட்டது.

"பிள்ளைங்க ரெண்டு பேரும் முன்னால டுவான் மடிக்கு வாங்க," என்றாள், பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல். "பாட்டுக்காரங்க இறங்கி நடங்க. முன்னால கனம் வேணும். பானெட்டு மேல யாராவது உக்காரணும்."

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ருபியேலா போர்வையை அவிழ்த்துப் பேரனைக் கொடுத்துவிட்டு இறங்கினாள்.

"அத்தை, உங்க மூட்டு?"

"மூட்டு நடக்கத்தான் மாட்டேங்குது. உக்காரறதுல அதுக்கென்ன கஷ்டம்? இந்தக் குடும்பத்துல கனம்னா நான்தான்."

பெண்ணின் அப்பா கைகொடுத்தார். ருபியேலா பானெட்டின் நடுவில் ஏறி, கால்களை அகட்டி, இரண்டு விளக்குக்கும் மேலே கைவைத்து, தேரில் ஏறின அம்மன்போல உட்கார்ந்தாள். பெண்ணின் அப்பா முன்பம்பரில் ஒரு பக்கம் நின்றார்.

"அத்தை, கொஞ்சம் வலப்பக்கம் சாயுங்க. பாதை தெரியல."

"பாதைய நான் சொல்றேன், நீ ஓட்டு! இடப்பக்கம் கல்லு. இன்னும் கொஞ்சம். ஆங், இப்ப நேரா!"

யோலிமா கிளட்சை விட்டாள். இந்தத் தடவை சக்கரம் மண்ணைக் கவ்வியது. அது அவளுக்கு உள்ளங்கையில் தெரிந்தது. கல் ஒவ்வொன்றும், வேர் ஒவ்வொன்றும், சேறு எங்கே ஆழம், எங்கே தரை கெட்டி, எல்லாம் கை வழியாக வந்தது. இத்தனை வருஷம் லாரியை அவள் தள்ளிக்கொண்டு போயிருக்கிறாள். எந்த வண்டியும் இப்படிப் பதில் சொன்னதில்லை. இத்தனை பேரின் உயிர் தன் விரல்நுனியில் இருக்கிறது என்று தெரிந்தும் அவளுக்குப் பயம் வரவில்லை. அது அவளுக்கே வியப்பாக இருந்தது.

ஏற்றத்தின் உச்சியில் மூடுபனி. வெள்ளைத் திரைக்குள் நுழைந்ததும் கண் தெரியாமல் வண்டியை நிறுத்தினாள். இயந்திரத்தை அணைத்தாள். பாட்டுக்காரர்கள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள்.

காற்று அடித்தது. திரை கிழிந்தது.

மெழுகுப்பனைகள். முதலில் பக்கத்தில் ஒன்று, பிறகு பத்து, பிறகு மலைச்சரிவு முழுக்க, எதிர்மலை முழுக்க, அதற்குப் பின்னால் தெரிந்த மலை முழுக்க. வெளுத்த மெல்லிய தண்டுகள், வளையம் வளையமாகக் கோடு போட்டபடி, மேலே, இன்னும் மேலே. தலை பின்னால் சாய்ந்து கழுத்து வலிக்கிற இடத்தில்தான் ஓலை தொடங்கியது. ஓலைகளின் ஊடே பச்சைக்கிளிக் கூட்டம் ஒன்று கத்திக்கொண்டு வெயிலுக்குள் திரும்பியது.

யோலிமா இந்த மாவட்டத்தில் பிறந்தவள். இந்தப் பனைகளைப் பஸ்ஸிலிருந்தும் லாரியிலிருந்தும் எத்தனையோ தடவை பார்த்தவள். பார்த்ததெல்லாம் அடிமரம் என்பது இப்போதுதான் உறைத்தது. எப்போதும் தலைக்கு மேலே ஒரு தகரம் இருந்தது. மரம் ஜன்னலுக்குள் நுழைந்து ஜன்னலோடு முடிந்துபோயிருந்தது. இன்று வானத்துக்கும் அவளுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை.

சலோமே அப்பாவின் மடியிலிருந்து எழுந்து சீட்டின் மேல் நின்றாள். போன் எங்கேயோ கீழே கிடந்தது. ஹசிந்தோ வாயைத் திறந்தபடி இருந்தான். கல்யாணப்பெண் கவுனைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டாள். கவுன் சேற்றில் விழுந்தது அவளுக்குத் தெரியவில்லை. பானெட்டின் மேல் ருபியேலா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்தக் குடும்பத்தில் யாரும் அதற்குமுன் அதைக் கேட்டதில்லை, அவளுடைய மௌனத்தை.

கடைசியில் டுவான்தான் மெதுவாகச் சொன்னான். "நான் ஒண்ணும் சொல்லல, யோலி. வெள்ளக் காருதான் வேணும்னா அதுவே வாங்கலாம். இன்னிக்கு இது போதும் எனக்கு."

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு மறுபடி மேலே பார்த்தாள். "சும்மா இருடா கொஞ்சம்," என்றாள்.

கோயில் வாசலில் மாப்பிள்ளை நகம் கடித்துக்கொண்டு நின்றிருந்தான். பானெட்டின் மேல் ஒரு கிழவியும் பின்னால் தன் மணப்பெண்ணுமாக வண்டி வந்து நின்றதைக் கண்டதும் முழங்காலில் விழுந்தான். பயத்திலா பக்தியிலா என்று கேட்டவர்களுக்கு அவன் இன்றுவரை பதில் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் யோலிமா சாவியை ஆர்செசியோவிடம் திருப்பிக் கொடுத்தாள். டுவான் தெருமுனையில் தலை குனிந்து நின்றான்.

"பிடிக்கலையாம்மா?" என்றார் பெரியவர்.

"பிடிச்சிருக்கு. ஆனா இப்படியே எடுக்க மாட்டேன். தலைக்கு மேல இரும்புச் சட்டம் வைக்கணும். பெஞ்ச எடுத்துட்டு முன்னால பாக்கிற சீட்டு, ஒவ்வொண்ணுக்கும் பெல்ட்டு. பக்கத்துல தார்ப்பாய்க் கதவு. வீட்டாளுங்க மட்டும்தான், கூட்டம் ஏத்த மாட்டேன்."

ஆர்செசியோவுக்கு முகம் சிவந்தது. "வில்லிஸுக்கு பெல்ட்டா? குதிரையத் தொட்டில்ல படுக்கப் போடச் சொல்ற மாதிரி இருக்கு."

"அந்தக் குதிரை இன்னிக்கு என் கையில முன்னங்கால தூக்கிச்சு. பிள்ளைங்க பின்னால இருந்தாங்க. அது எவ்வளவு அழகுன்னும் தெரியும், எவ்வளவு ஆபத்துன்னும் தெரியும். ரெண்டும் தெரிஞ்சவ கேக்கறேன்."

பெரியவர் வண்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். "பட்டறைக்காரன் என் மச்சான்தான்," என்றார் கடைசியில். "திட்டிக்கிட்டே செய்வான். ஆனா உறுதியாச் செய்வான்."

சட்டமும் சீட்டும் பொருத்தி வண்டி வெளியே வந்த நாள் மழையில்லை. ருபியேலா தன் பெல்ட்டைத் தானே பூட்டிக்கொண்டு, "என்னமோ விமானத்துல போற மாதிரி," என்று ஆரம்பித்து, தெருக்காரர் கதைக்குள் இறங்கிவிட்டாள். காற்று அந்தக் கதைகளில் பாதியை அள்ளிக்கொண்டு போயிற்று. பிள்ளைகள் இரண்டு பக்கமும் அண்ணாந்து பார்த்து மின்கம்பிகளையும் மேகத்தையும் எண்ணினார்கள். டுவான் அவளுக்குப் பக்கத்தில் இருந்தான். அசைந்தால் ஏதாவது கெட்டுவிடுமோ என்பதுபோல் கைகளை மடியில் வைத்திருந்தான்.

வீட்டுத் தெரு வந்தது. யோலிமா வேகத்தைக் குறைத்தாள். பிறகு கியரை மாற்றி, திரும்பாமல், நேரே மலைப்பக்கம் விட்டாள்.