கீழ்வீடு கேட்ட கதை

சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, கையில் காகிதத்தோடு ஒரு ஆள் தோட்டத்துக்குள் இறங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று மூணாங்கட்டை தோட்டத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மனு எழுத வேண்டும். தண்ணீர் வரவில்லையென்றால் மனு, கோயில் கூரை ஒழுகினால் மனு, மாட்டுக்கொட்டகையை இடிக்க வந்தவனிடமே இடிக்காதீர்கள் என்று மனு. வாங்கிக்கொண்டு போனவன் படித்தானா, கடலை மடித்தானா என்பது அவன் பாடு. எழுதுவது நம் பாடு.

அப்படிப்பட்ட சனத்தின் நடுவில், அதுவும் கம்பெனி செம்பனை மரங்களை எல்லாம் சாய்த்துவிட்டு வீடு கட்டிக்கொண்டிருக்கிற நேரத்தில், பழைய பாலர் பள்ளிச் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். மலாய் மொழியில் கதை எழுதும் பட்டறை. மலாய் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கு மட்டும். மூன்று சனிக்கிழமை. பிழையாக எழுதினாலும் பரவாயில்லை. எழுதியதைப் புத்தகமாக்கி டத்தோ கையில் கொடுப்போம். டத்தோ என்றால் கம்பெனிக்கே தலைவர். அறிவிப்பில் இருந்த மற்றதெல்லாம் யார் கண்ணிலும் படவில்லை. ‘டத்தோ கையில்’ என்பது மட்டும்தான் பட்டது.

உஷாராணிக்கும் அதுதான் பட்டது. புக்கிட் ரோத்தானில் ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறவள் அவள். மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை நிறுத்தியவள். கதையாவது கத்தரிக்காயாவது! அவளுக்கு வேண்டியது ஒரு கீழ்வீடு.

லயத்து வரிசைவீட்டுச் சனங்களுக்கென்று தோட்டத்து ஓரத்திலேயே கம்பெனி ஐந்து மாடி ஃபிளாட் கட்டியிருந்தது. யாருக்கு எந்த வீடு என்று சீட்டுக் குலுக்கினார்கள். உஷாராணி குலதெய்வத்தை எல்லாம் வேண்டிக்கொண்டு கையை விட்டாள். வந்தது நான்காம் மாடி. லிஃப்ட் கிடையாது. அவள் புருசன் சோமுவுக்கோ வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. ஒரு காலத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டு கோலா சிலாங்கூர் முழுக்கச் சுற்றிய மனுசன். இனிப்பு நீர் வியாதி காலைத் தின்றது, பிறகு சிறுநீரகத்தையும் தின்றது. வாரத்தில் மூன்று நாள் ரத்தம் கழுவப் போக வேண்டும். லயத்தில் பிரச்சினை இல்லை, வாசலுக்கே வேன் வந்து நிற்கும், அவள் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளி ஏற்றிவிடுவாள். நான்காம் மாடியிலிருந்து யார் தூக்குவது? ஒரு தடவை ரத்தம் கழுவத் தவறினாலே அவருக்கு மூச்சு வாங்கும்.

கம்பெனி ஆபீசில் வேலை செய்யும் சுகுமாறனிடம் போய் வாயால் கேட்டுப் பார்த்தாள். நல்ல பையன்தான். “குலுக்கல்னா குலுக்கல்தான்க்கா. நான் என்ன லா செய்றது,” என்று கையை விரித்துவிட்டான். அப்புறந்தான் அந்த அறிவிப்பு வந்தது.

முதல் சனிக்கிழமை பாலர் பள்ளி நிரம்பிவிட்டது. பட்டறை நடத்த வந்தவள் டிஃபனி என்ற சின்னப் பெண். கோலாலம்பூரில் இருக்கிறவள், மலாயில் கதை எழுதிப் பெயர் வாங்கியவள். தமிழ்ப் பெண்தான், ஆனால் தமிழ் அவள் வாயில் நொண்டியடித்துத்தான் வரும். முகத்தில் சூதுவாது கிடையாது. எல்லோருக்கும் வெள்ளைத் தாள் கொடுத்து, “உங்க மனசுல உள்ளத எழுதுங்க,” என்றாள். எழுதினார்கள். வாங்கிப் படித்தவள் திகைத்துப்போனாள். அத்தனை தாளும் ‘மதிப்பிற்குரிய துவான்’, அதாவது ஐயா, என்றுதான் ஆரம்பித்தது. பேட்ரிக் மாட்டுக்கொட்டகைக்கு இடம் கேட்டிருந்தார். திலகா கோயிலுக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டிருந்தாள். வள்ளியம்மா, தான் வாத்து வளர்ப்பதால் தனக்குக் கீழ்வீடு வேண்டும் என்று ரெண்டே வரியில், பாதி எழுத்து மலாய், பாதி சந்தைப் பேச்சு மலாயில் எழுதியிருந்தாள்.

உஷாராணியின் தாளில் நாலு வரி. துவான், என் கணவருக்கு ஒரு கால் இல்லை. நான்காம் மாடி எங்களால் முடியாது. கீழ்வீடு கொடுங்கள். நன்றி.

டிஃபனி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “ஆண்ட்டி, இது லெட்டர். கதை இல்ல. இது வேணும்னு நேரா கேட்டா, படிக்கிறவங்க மனசு மூடிக்கும். கேக்காதீங்க ஆண்ட்டி, காட்டுங்க. அப்பத்தான் டத்தோ அவரே ஃபீல் பண்ணுவார்.”

“இந்தாம்மா,” என்றாள் வள்ளியம்மா பின்னாலிருந்து. “அழுத புள்ளதான் பால் குடிக்கும். கேக்காம எவன் குடுத்தான்? எனக்குக் கதையெல்லாம் வராது. வாத்துக்கு எடம் வேணும், அவ்வளவுதான்.” சொல்லிவிட்டுத் தன் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு எழுந்தாள். வாசலில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்த சுகுமாறன் சட்டைப்பையில் அதைத் திணித்தாள், பொட்டலம் ரெண்டு வாங்கிக்கொண்டாள், போயே போய்விட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். உஷாராணியும் சேர்ந்துதான் சிரித்தாள், பாவம்.

அவள் காட்ட ஆரம்பித்தாள். பருப்பு வேகிற நேரத்தில் கேண்டீன் மேசையிலேயே உட்கார்ந்து எழுதினாள். எழுத எழுத அவளுக்கே ஆச்சரியம். தமிழில் ‘எனக்கு அலுத்துப்போச்சு’ என்று எழுதினால் ஒப்பாரி மாதிரி இருக்கிறது, மாமியார் காதில் விழுந்துவிடுமோ என்று பயமாகக்கூட இருக்கிறது, மாமியார் செத்து வருசம் பல ஆகியும். மலாயில் எழுதினால் யாரோ அடுத்த வீட்டுப் பொம்பளையைப் பற்றிச் சொல்வது மாதிரி வந்து விழுந்தது. இல்லாத காலில் அரிக்கிறது என்று கதையில் வரும் ஆள் சொல்வான், அவன் பெண்டாட்டி வெறும் மெத்தையைச் சொறிந்துவிடுவாள், அவனும் ‘ஆங், அங்கதான்’ என்பான். இதை அவள் இதுவரை ஒரு மனுசரிடமும் சொன்னதில்லை. எழுதி முடித்துக் கேண்டீனில் தனியாக அழுதாள். சந்தோசமாகவும் இருந்தது, அதுதான் கூத்து.

அடுத்த சனிக்கிழமை டிஃபனி அதைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஆண்ட்டி, நீங்க ரைட்டர்!” என்றாள். பிறகு பென்சிலை எடுத்தாள். கதையில் அந்த ஆளை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், அவன் ஜன்னல் வழியாக, தான் குலை ஏற்றிய மரங்கள் சாய்வதைப் பார்க்கிறான். “இங்கயே முடிச்சிடுங்க. இதுக்குக் கீழ இருக்கிற லைன் வேண்டாம்.”

கீழே இருந்த வரி, ‘கீழ்வீடு கொடுங்கள்’ என்பது.

“டீச்சர், அதுக்குத்தான நான் வந்தேன்?”

“அது கதைக்குள்ளயே இருக்கு ஆண்ட்டி. ட்ரஸ்ட் மீ.”

மாப்பிள்ளையை எழுப்பி அனுப்பிவிட்டுக் கல்யாண விருந்து வைத்த மாதிரி இருந்தது உஷாராணிக்கு. ஆனாலும் படித்த பெண், மனசார அழுத பெண், தப்பாகவா சொல்லும்? தானே அழிப்பானை எடுத்து அழித்தாள்.

வீட்டில் சோமுவுக்கு முழுக்கதையையும் தமிழில் சொல்லிக் காட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மெத்தையைச் சொறிகிற இடத்தில் சிரித்தார். “மானத்த வாங்குறியே,” என்றார், கோபமில்லாமல். கதை முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

“கீழ்வீடு எங்க உஷா?”

“அது உள்ள இருக்காம்ங்க.”

“உள்ளன்னா?”

“படிக்கிறவங்களே புரிஞ்சுக்குவாங்களாம்.”

“டத்தோவுக்குப் புரியுமா?”

“படிச்ச மனுசன், புரியாமப் போகுமா?” என்றாள்.

புத்தக வெளியீட்டுக்குக் கூடாரம் போட்டு, நாற்காலிக்கெல்லாம் துணி கட்டியிருந்தார்கள். டத்தோ வந்தார். சும்மா சொல்லக்கூடாது, புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார். மேடையில் உஷாராணி கதையைப் பற்றித்தான் முழுக்கப் பேசினார். அந்த மெத்தைக் காட்சியைச் சொல்லும்போது குரல் உடைந்தது, கைக்குட்டையை எடுத்தார். இந்த மனிதருக்குப் புரிந்துவிட்டது என்று உஷாராணி நாற்காலி நுனிக்கே வந்துவிட்டாள். சக்கர நாற்காலியோடு சோமுவையும் மேடைக்கு ஏற்றினார்கள். டத்தோ குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார், படம் எடுத்தார்கள், பழக்கூடை கொடுத்தார்கள். “ஜன்னலில் முடித்தீர்களே, என்ன அழகு!” என்றார் டத்தோ.

அவ்வளவுதான். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உஷாராணி நகரவில்லை. நாலு பக்கம் தண்ணீராக ஓடிய மலாய், இப்போது தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. “டத்தோ, எங்களுக்குக் கீழ்வீடு வேணும். கதை இல்ல டத்தோ, நெசம்,” என்று எப்படியோ சொல்லிவிட்டாள். அவர் ஒரு கணம் விழித்தார், பிறகு தலையாட்டினார். “ஆகட்டும், ஆகட்டும். சுகுமாறன், இதைப் பாருங்கள்.”

சாமி வரம் கொடுத்துவிட்டது என்று படியிறங்கிச் சுகுமாறனிடம் ஓடினாள். பூசாரியின் முகம் செத்துக் கிடந்தது.

“அக்கா… ஒரே ஒரு கீழ்வீடு மிஞ்சியிருந்துச்சு. யாரோ வேணாம்னு விட்டுட்டுப் போனது. போன வாரந்தான் மீட்டிங்ல அதையும் குடுத்து முடிச்சிட்டாங்க.”

“யாருக்கு?”

“வள்ளியம்மாக்காவுக்கு. ஃபைல்ல அவங்க மனு ஒண்ணுதான் இருந்துச்சு. நீங்க ஏன்க்கா எழுதிக் குடுக்கல?”

“உன்கிட்ட வாயால கேட்டேனே தம்பி!”

“வாயால கேட்டத ஃபைல்ல வைக்க முடியாதேக்கா.”

“எழுதினேனே! நாலு பக்கம் எழுதினேனே!”

“அது கதைக்கா.” சுகுமாறன் தரையைப் பார்த்தான். “நானும் படிச்சேன். அழுதுட்டேன். ஆனா, எல்லாம் கற்பனைன்னு மொதப் பக்கத்துலயே போட்டிருக்கு.”

யாரை அடிப்பது? யாரைத் திட்டுவது? உஷாராணிக்குத் தன் கையை உடைத்துப் போடலாம் போல இருந்தது. அந்த வரியை அழித்தது இந்தக் கைதானே.

விசயம் தெரிந்து வள்ளியம்மா ஓடி வந்தாள், வாத்துக்குத் தவிடு பிசைந்த கையோடு. வாயில் வாயில் அடித்துக்கொண்டாள். “எனக்குத் தெரியாதுடி உஷா! சத்தியமா நெனச்சுப் பாக்கலடி! வா, மாத்திக்குவோம். நான் மேல போறேன். வாத்த வித்துத் தொலைக்கிறேன்.” ரெண்டு பேரும் ஆபீசுக்குப் போனார்கள். கையெழுத்து ஆகிவிட்டது, பத்திரம் பதிவுக்குப் போய்விட்டது, ஐந்து வருசத்துக்கு வீடு மாற்றச் சட்டம் இடம் கொடுக்காது, சும்மா ஆள் மாறிக் குடியிருந்தாலும் ரெண்டு வீடும் பறிபோகும் என்றார்கள். ஐந்து வருசம் என்றதும் ரெண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ரத்தம் கழுவுகிறவருக்கு ஐந்து வருசம் என்பது என்ன கணக்கு என்று ரெண்டு பேருக்குமே தெரியும். டத்தோவுக்குச் சொல்லலாம் என்றால், அவர் வெளிநாடு போயிருந்தார். அவர் வந்தாலும் அதே பத்திரந்தான் என்றான் சுகுமாறன். வேண்டுமானால் மனு கொடுத்து வையுங்கள் என்றான்.

டிஃபனி போன் செய்தாள். தேம்பித் தேம்பி அழுதாள். “சாரி ஆண்ட்டி, எனக்கு நெஜமா தெரியல. நான் இத சும்மா விடமாட்டேன். இதப் பத்தி எழுதுறேன்.”

“எழுதும்மா,” என்றாள் உஷாராணி. அவள் மேல் கோபம் வரவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. “ஆனா லெட்டரா எழுது.”

லயத்தை இடிக்கிற நாள் வந்தது. பேட்ரிக்கும் லயத்துப் பையன்கள் மூன்று பேரும் சேர்ந்து பிளாஸ்டிக் நாற்காலியில் சோமுவை உட்காரவைத்து, நான்காம் மாடிக்குத் தூக்கினார்கள். வளைவுக்கு வளைவு இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். “மாப்பிள்ளை ஊர்வலம் லா,” என்று சோமு சிரிக்கவைத்தார். மேலே போனதும் அவர் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போடச் சொன்னார். அங்கிருந்து மரங்கள் ஒன்றும் தெரியவில்லை. எதிர் ஃபிளாட்டில் காய்ந்த துணிதான் தெரிந்தது.

மறுநாள் ரத்தம் கழுவும் நாள். பேட்ரிக் விடிவதற்குள் வேலைக்குப் போய்விட்டார். பையன்கள் மூவரும் ரவாங் பக்கம் தொழிற்சாலைப் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். உஷாராணி ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். வீட்டிலிருந்தது பெண்களும் பிள்ளைகளுந்தான். வள்ளியம்மா கீழ்வீட்டு வாசலில் நின்று, போகிற வருகிற ஆளையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். ஒருத்தனும் நிற்கவில்லை. “அடுத்த எடத்துல ஆளு காத்திருக்கு, ரொம்ப நேரம் நிக்க முடியாதுக்கா!” என்று வேன்காரன் கீழேயிருந்து கத்தினான்.

உஷாராணி படியேறி வந்து, சோமுவின் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். கதவு வரைக்கும்கூடப் போக முடியவில்லை. ரெண்டு பேருமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை, மூச்சுதான் வாங்கியது.

“உஷா,” என்றார் சோமு. “உன் கதையில ஒரு ஆளு இருந்தானே. அவன் ரத்தம் கழுவ எப்படிக் கீழ எறங்கினான்?”

“எறங்கலங்க,” என்றாள் அவள். “ஜன்னலோட முடிச்சிடச் சொல்லிட்டாங்க.”

கீழே வேன்காரன் மறுபடியும் ஹாரன் அடித்தான்.