எதிர் எடை

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற அப்பா கடைசியாகச் செய்த சாதாரண காரியம், குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றியது. மறுநாள் காலை ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி இரண்டு விரற்கடை தரைக்குள் இறங்கியது. ஓடுகள் உடையவில்லை, விலகி வழிவிட்டன. அவருக்கு வயது அறுபத்தொன்பது, நுரையீரல் நோய்க்கு ஒன்பது, சிகரெட் நாளுக்கு இருபது. டாக்டர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தார், சிகரெட்டைத் திட்டினார், நாற்காலியைப் பற்றிக் கேட்கவில்லை. கொத்தனார் அடியில் கான்கிரீட் போட்டார். அதுவும் சேர்ந்து இறங்கியது. மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், கீழ ஒரு போர்ஷன் கட்டுறீங்களா?" என்றார். அப்பா சிரிக்கவில்லை. அதற்குத்தான் நாங்கள் பயந்திருக்க வேண்டும். நாங்களோ சிகரெட்டை ஒளித்துவைப்பதிலேயே குறியாக இருந்தோம். ஒளித்த நாட்களில் அவர் இரண்டு மடங்கு வேகமாக இறங்கினார்.

இரண்டாம் வருடம் நாற்காலியின் கைப்பிடி தரைமட்டத்துக்கு வந்தது. ஒரு மதியம், அவர் முதுகைத் துடைக்க மண்டியிட்டிருந்த அம்மா துணியைக் கீழே வைத்தாள்.

"மூச்சு வாங்குதான்னு தினம் கேக்குறேன். மனசு எப்படி இருக்குன்னு கேக்கவே இல்லையேங்க."

"காலையில எதுக்கு முழிக்கிறோம்னு தெரியல," என்றார் அப்பா. பிறகு, "நாற்காலி சும்மா மேல வராது. லிஃப்ட் ஏறணும்னா மறுபக்கம் ஒரு எடை இறங்கணும்."

அம்மா இன்னொரு நாற்காலியை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தாள். "என் எடை போதாதா? இன்னும் கல்யாணப் பொண்ணுன்னு நினைப்பா?"

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் அடங்கியபோது அவர் சற்று ஏறியிருந்தார், அம்மா சற்று இறங்கியிருந்தாள்.

அவர் பதறிவிட்டார். "முழுசும் நீ தூக்காத. பாதிச் சுமைக்குத்தான் எதிர் எடை போடுவோம். மிச்சத்த மோட்டார் இழுக்கும்."

மோட்டாருக்காக மனநல டாக்டரிடம் போனார்கள். மாத்திரையும் எதிரெதிரே உட்கார்ந்து பேசிய பேச்சுமாக ஒன்றரை வருடம் ஓடியது. இருபது சிகரெட் நான்காயிற்று, அதற்குமேல் குறையவில்லை. நுரையீரல் அவரைக் கொண்டுபோன அன்று, அப்பாவின் பாதங்கள் எங்கள் எல்லோருடைய பாதங்களையும் போலத் தரைமேல் இருந்தன.

அம்மா இன்றைக்கும் ஓர் அடி கீழேதான் உட்கார்ந்திருக்கிறாள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பேச வருகிறவர்கள் தரையில் உட்காருகிறார்கள்.