முப்பத்தைந்து மணி நேரம்

அரசு கொடுத்த நோட்டுக்குப் பச்சை அட்டை. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கட்டங்கள்: எத்தனை மணிக்கு, என்ன உதவி, எவ்வளவு நேரம். நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்கு மாதாமாதம் ஒரு தொகை தருகிறார்கள். வாரத்தில் முப்பத்தைந்து மணி நேரமாவது அந்த வேலையில் போக வேண்டும் என்பது விதி. ஒரு வாரம் எழுதி வையுங்கள், அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பார் என்றார்கள். திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு நாள் விடாமல் எழுதினேன். கூட்டிப் பார்த்தால் இருபத்தொன்றரைதான் வந்தது.

எனக்குக் கணக்கு வராமல் இல்லை. இருநூறு ரொட்டிக்கு எவ்வளவு உப்பு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவேன். பதினாறு வருடமாக பேக்கரியில் மாவு பிசைகிறேன். சில வேலைகளை எழுதவில்லை, அவ்வளவுதான்.

அக்கா ரயில் நிலையத்தில் பத்தொன்பது வருடம் அறிவிப்பாளராக இருந்தவள். அவள் முகம் யாருக்கும் தெரியாது, குரல் ஊருக்கே தெரியும். கடையில் அவள் அரைக் கிலோ சர்க்கரை கேட்டால், பக்கத்தில் நிற்பவர் தன்னை அறியாமல் கைப்பையை இறுக்கிப் பிடிப்பார். நரம்பில் வந்த நோய் முதலில் அவள் விரல்களிலிருந்து கோப்பைகளைத் தட்டிவிட்டது. பிறகு கால்களை எடுத்துக்கொண்டது. குரலின் பக்கம் மட்டும் இன்னும் வரவில்லை.

மூன்று வருடமாக எங்கள் வீட்டில் மூன்று பிளாட்பாரங்கள். முதலாவது கட்டில். மூன்றாவது ஜன்னலோர நாற்காலி. இரண்டாவது எது என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. "டேய், ரெண்டாவது" என்பாள். நான் போய்த் தூக்குவேன்.

குளியலறையில் நாங்கள் ரயில்களைப் பற்றிப் பேசுவோம். தெற்கே போகும் காலை வண்டி எங்கே அதிக நேரம் நிற்கும் என்று கேட்பாள். நான் தப்பாகச் சொல்வேன். மண்டு என்பாள். என் கைகள் செய்ய வேண்டியதைச் செய்யும், கண்கள் சுவரைப் பார்க்கும். நான்காவது வரிசையில் விரிசல் விட்ட ஓடு ஒன்று இருக்கிறது. விரிசல் ஒரு தீவின் வரைபடம் போல வளைந்து போகும். அந்தத் தீவின் கடற்கரை முழுவதும் எனக்கு மனப்பாடம். இப்படித்தான் என்று நாங்கள் பேசி முடிவு செய்யவில்லை, தானாக அமைந்துவிட்டது.

இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? சின்ன வயதில் தன் உள்ளாடையைத் துண்டுக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டவள் அவள். முன்பின் தெரியாத ஒருவர் அதை விரலால் தொட்டுப் படிப்பார் என்று நினைத்தபோது பேனா ஓடவில்லை. "காலை 6.00, டீ கொடுத்தல், 10 நிமிடம்" என்று எழுதினேன். அது எழுதக்கூடிய வேலை.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்றும் தெரியும். இதுவரை காலையில் நான்கு மணி நேரம் மட்டும் பேக்கரிக்குப் போய்வந்தேன். இப்போது அவர்களுக்குப் பள்ளிக்கூடங்களின் ஆர்டர் கிடைத்திருந்தது. முதலாளி கெட்டவர் இல்லை. அடுத்த மாதம் முதல் அதிகாலை இரண்டிலிருந்து மதியம் வரை முழு ஷிஃப்ட் வா, முடியாவிட்டால் மதியம் மூன்று மணி நேரம் கவுண்டரில் நில் என்றார். கவுண்டர் சம்பளத்தோடு உதவித்தொகையும் சேர்ந்தால் வாடகை போகச் சமாளித்துவிடலாம். தொகை கிடைக்காவிட்டால் முழு ஷிஃப்டுதான். இரண்டு மணிக்கு நான் கிளம்பிவிட்டால் அக்காவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. நகரத்தின் மறு கோடியிலுள்ள பராமரிப்பு இல்லத்தில்தான் சேர்க்க வேண்டும்.

"போறேன்டா. அங்க ஜன்னல் பெருசாம்," என்றாள் அக்கா ஒருநாள், கேட்காமலே. அன்று அவள் மூன்றாவது பிளாட்பாரத்துக்குப் போகவே கேட்கவில்லை.

அதிகாரி புதன்கிழமை மூன்று மணிக்கு வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியது. நான் அக்காவுக்குத் தலை வாரி, பழைய சீருடையின் நீலச் சட்டையைப் போட்டுவிட்டு, மூன்றாவது பிளாட்பாரத்தில் உட்கார வைத்திருந்தேன். அதிகாரி அவளுக்கு வணக்கம் சொன்னார். அவள் பதில் சொன்னதும் ஒரு கணம் தலையைச் சாய்த்துக் கேட்டார். எங்கேயோ கேட்ட குரல் என்று எல்லோரும் செய்வதுதான்.

நோட்டை நிதானமாகப் புரட்டினார். சாப்பாடு ஊட்டுதல், மருந்து, துணி துவைத்தல், நாற்காலிக்கு மாற்றுதல். கால்குலேட்டரைத் தட்டினார். மறுபடியும் தட்டினார். விதிப்படி முப்பத்தைந்து வேண்டும், ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன்.

"குளிக்க வைக்கிறது?"

"அது... அவங்களே சமாளிச்சுப்பாங்க."

அக்காவின் விரல்கள் ஒரு கரண்டியைப் பிடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. அதிகாரி அந்த விரல்களைப் பார்த்தார். ராத்திரியில் எழுந்திருக்க வேண்டியிருக்குமா என்று கேட்டார். நன்றாகத் தூங்குவோம் என்றேன். அவர் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு, எழுத்தில் இருப்பதைத்தான் தன்னால் எடுத்துக்கொள்ள முடியும் என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

நோட்டில் நான் என்ன எழுதியிருந்தேன் என்று அக்காவுக்கு அதுவரை தெரியாது.

"டேய்," என்றாள். "மேடத்துக்கு டீ போட்டுட்டு வா."

"அக்கா, இப்ப எதுக்கு..."

"போடா. கதவைச் சாத்திக்கோ."

சமையலறைக் கதவு சாத்தினாலும் ஒரு விரல் இடைவெளி விட்டுத்தான் நிற்கும். நான் பாத்திரத்தில் தண்ணீர் வைத்தேன். அக்கா தொண்டையைச் செருமுவது கேட்டது. மைக்கை முடுக்குவதற்கு முன் அவள் அப்படித்தான் செருமுவாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு," என்றாள்.

வீடு முழுவதும் உயரமான கூரை போட்டதுபோல ஆகிவிட்டது.

"காலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்குக் கட்டிலிலிருந்து குளியலறைக்கு. தூக்கிச் செல்பவர், தம்பி. கழிப்பறையில் உட்கார வைத்தல், சுத்தம் செய்தல், குளிப்பாட்டுதல், உடை மாற்றுதல். மொத்தம் நாற்பது நிமிடம். மதியம் பன்னிரண்டு மணிக்குக் கழிப்பறை, பதினைந்து நிமிடம். மாலை ஐந்துக்கு, பதினைந்து நிமிடம். படுக்கும் முன், பத்து நிமிடம்."

இரண்டாவது பிளாட்பாரம் என்று அவள் சொல்லவே இல்லை. ஒவ்வொன்றையும் அதனதன் பெயரால் சொன்னாள். ஒரு சொல்லில்கூடக் குரல் இறங்கவில்லை. தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது, நான் தூளைப் போடாமல் நின்றேன்.

"இரவு பதினொன்று, ஒன்று, மூன்று. புண் வராமலிருக்க இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் திருப்பிப் போட்டு, கால் பிடித்து விடுதல். தலா பதினைந்து நிமிடம். இந்தச் சேவை வருடத்தின் எல்லா நாட்களிலும் உண்டு. மூன்று வருடத்தில் ஒரே ஒரு நாள் தாமதம். அன்று தம்பிக்குக் காய்ச்சல். தடங்கலுக்கு..."

அங்கே நின்றது. பத்தொன்பது வருடத்தில் அவள் ஒரு அறிவிப்பைப் பாதியில் விட்டதில்லை என்று நினைக்கிறேன்.

"தடங்கலுக்கு வருந்துகிறோம்," என்று முடித்தாள்.

பேனா தாளில் நகரும் சத்தம் வந்தது. பிறகு அதிகாரி, இரவில் முதல் முறை எத்தனை மணிக்கு என்றீர்கள் என்று மறுபடி கேட்டுக்கொண்டார். நான் டீ கொண்டு போனபோது அவர் கூட்டி முடித்திருந்தார். முப்பத்தாறு மணி நேரமும் ஐந்து நிமிடமும். பராமரிக்கப்படுபவரின் வாய்மொழியை எழுதிச் சேர்க்க விதியில் இடம் இருக்கிறது என்றார். அக்காவின் கட்டைவிரலை மையில் தொட்டு அவரே தாளில் பதித்தார், கண்ணாடிப் பாத்திரத்தைக் கையாள்வதுபோல. டீயில் சர்க்கரை போட மறந்திருந்தேன். அப்படியே குடித்து முடித்தார். கிளம்பும்போது வாசலில் நின்று, முன்பெல்லாம் ஆறரை மணி வண்டியில் போவேன், அந்த வண்டி எப்போதும் தாமதம், ஆனால் நீங்கள் சொன்னால் கோபமே வராது என்றார்.

அவர் போன பிறகு நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தோம். கோப்பைகளைக் கழுவி, ஏற்கெனவே கழுவிய கோப்பையையும் கழுவினேன்.

"நோட்டுல பொய் எழுதி வச்சிருக்க," என்றாள் அக்கா.

"பொய் எழுதல. சிலதை விட்டுட்டேன்."

"ரொட்டியில உப்பை விட்டுட்டு, முதலாளிகிட்ட இதையே சொல்லிப் பாரு." பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள், "எனக்கு வெட்கமா இருக்கும்னு நீயா நினைச்சுக்கிட்ட. இருந்துச்சுதான். ஆனா அந்த இல்லத்துல யாரோ ஒருத்தங்க என்னைத் தூக்கறதை நினைச்சா, இது ஒண்ணுமே இல்லடா."

பத்தொன்பதாம் நாள் கடிதம் வந்தது. நான் உடையை மாற்றக்கூட நிற்காமல், கையில் மாவோடு பிரித்தேன். தங்கள் விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று வாசிக்க ஆரம்பித்தேன். அக்கா முகத்தைச் சுளித்தாள்.

"இப்படி வாசிச்சா எந்த வண்டியும் வராது. எனக்கு முன்னாடி பிடி."

பிடித்தேன். தொண்டையைச் செருமினாள். தேதி, எண், முகவரி எல்லாவற்றையும் தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தாள். கீழே சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நிமிர்ந்து பார்த்தார். "பராமரிப்பவர்: உடன்பிறந்த தம்பி" என்ற வரிக்கு வந்ததும் அதை இரண்டு தடவை சொன்னாள், வண்டி நடைமேடைக்குள் வரும்போது சொல்வதுபோல.

அடுத்த வரிக்குப் போகவில்லை.

"டேய், ரெண்டாவது. சீக்கிரம்."

கடிதத்தை ஜன்னல் விளிம்பில் வைத்து, பறக்காமலிருக்க அதன் மேல் பச்சை நோட்டை வைத்துவிட்டு, அவளைத் தூக்கினேன்.