தொழுகண்ணி சாமியறையில் ஆடாது

1

புத்தூர் பஸ்ஸில் ஒருவன் மடியில் செடித்தொட்டியோடு உட்கார்ந்திருந்தான். பஸ் குலுங்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் அதை அணைத்துக்கொண்டான். நான் பார்த்தது இவ்வளவுதான். மீதி முழுக்க இட்டுக்கட்டியது. உண்மைக் கதை வேண்டுமென்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

2

முதல் தொடக்கம்: விதைக்குள் உறங்கும் உயிரைப் போலவே சிட்டிபாபுவின் மனமும்...

(வேண்டாம். விதைக்குள் எதுவும் உறங்கவில்லை. தோல் கெட்டி.)

இரண்டாம் தொடக்கம்: சிட்டிபாபு ரேணிகுண்டாவில் பட்டறை வேலையை, அதன் நைட் ஷிப்ட் பிடிக்காமல், சொல்லாமல் கொள்ளாமல் விட்டான். இலை தானாக ஆடும் செடி என்று படித்து, ஆன்லைனில் பத்துத் தொழுகண்ணி விதை வாங்கினான். அதுவரை செம்பருத்திகூட வளர்த்ததில்லை. முதல் ஐந்தை அப்படியே புதைத்தான்; ஒன்றும் வரவில்லை. அடுத்த ஐந்தை உப்புத்தாளில் தேய்த்து வெந்நீரில் ஊறப்போட்டான். இரண்டு முளைத்தன. ஒன்றை எறும்பு தின்றது. மிஞ்சியது மூன்றாம் மாதம் பெரிய இலைக்கு அடியில் இரண்டு குட்டி இலைகள் விட்டது. வெயில் பட்டதும் அவை தானாகச் சுற்றின, கண்ணுக்குத் தெரிகிற வேகத்தில்.*

[இந்த இடத்தில் அவன் அழுதான் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். வீடியோ எடுத்தான்.]

* பாடினால் ஆடும் என்றும் சொல்கிறார்கள். சிட்டிபாபு பாடியும் பார்த்தான். செடி பாவம்.

3

வேலையை விட்ட மறுவாரமே அவன் மனைவி யமுனா நாராயணவனத்தில் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். அப்பா ரங்கையாவுக்கு ஊரோரம் அரை ஏக்கர் சும்மா கிடக்கிறது. அதில் நர்சரி போட வேண்டும், யமுனாவைக் கூட்டிவர வேண்டும். சிட்டிபாபுவின் திட்டம் மொத்தமும் இதுதான்.

ஆடும் செடி, நர்சரி எல்லாம் கேட்டுவிட்டு ரங்கையா போனில் சொன்னார்: "எத்துக்கினு வந்து காட்டுங்க. ஆடினா நெலம் உங்குளுது. ஆடலன்னா ஷிப்டுக்குப் போங்க."

4

தொட்டியைக் கண்டதும் ரங்கையா செருப்பைக் கழற்றினார். சாமியைத் தொழுகிற மூலிகை என்று கேள்விப்பட்டிருந்தார். நேராகச் சாமியறைக்குள் கொண்டுபோய் வைத்துக் கற்பூரம் ஏற்றினார். ஜன்னல் இல்லாத அறை. எல்லோரும் உட்கார்ந்து பார்த்தார்கள்.

அசையவில்லை.

"இன்னா மாப்ள, தூங்கிக்கினு கீது? இதுக்கும் நைட் ஷிப்டா?"

"அதுக்கு வெயில் வோணும் மாமா. வாசல்ல வச்சா ஆடும்."

"மூணு மாசம் அதக் காவல் காத்தாரே," என்றாள் யமுனா, அவனைப் பார்க்காமல். "அப்டி என்னப் பாத்துக்கினு இருந்திருந்தா நானே ஆடியிருப்பேன்."

ரங்கையா அதைக் காதில் வாங்கவில்லை. "சரே, வாசல்லயே ஆடட்டும். ஆடிச்சின்னா அந்த அரை ஏக்கர்ல இதுக்குக் கோயில் கட்டிடலாம். நீங்கதான் பூசாரி."

"நர்சரி மாமா..."

"சாமிய எவனாவது பதியம் போட்டு விப்பானா?"

5

முடிவு ஒன்று: வாசலில் வைக்கிறான். ஆடுகிறது. நர்சரி இல்லை, உண்டியல் உண்டு. (இதுதான் நடக்கும் என்பதுதான் எரிச்சல்.)

முடிவு இரண்டு: வைக்காமல் ஷிப்டுக்குத் திரும்புகிறான். யமுனா வீட்டுக்கு வருகிறாள். ராத்திரியெல்லாம் அவன் அங்கே இருக்கமாட்டான்.

முடிவு மூன்று: யமுனா எழுந்து தொட்டியை...

(அவளுக்கென்ன தலையெழுத்தா?)

வாசல் வெயில் இன்னும் அரைமணி நேரம் இருக்கும். சிட்டிபாபு தொட்டி விளிம்பில் கைவைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறான். நான் சொல்லமாட்டேன். வாசலுக்கு ஆறடிதான். இவ்வளவு நேரம் சும்மா வேடிக்கை பார்த்தீர்களே, தூக்குவதா வேண்டாமா என்று நீங்கள் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, யமுனாவிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவளை இதுவரை யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.