கழற்ற முடியாத கடிகாரம்

"மின்னுற எதுவும் உடம்புல இருக்கக் கூடாதுண்ணே. லேசர் அதுல பட்டுத் திரும்பி அடிச்சிடும்" என்று நர்ஸ் கண்ணகி கையை நீட்டியபோது தெய்வநாயகம் மணிக்கட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

மோதிரம் போயிற்று. கழுத்துச் சங்கிலி போயிற்று. கடைசியாக மணிக்கட்டிலிருந்த அந்தப் பெரிய எஃகுக் கடிகாரம். மகள் ஹேமலதா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தாள். கதவு சாத்தப்பட்டது. அதற்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

அந்தக் கடிகாரம் நேரம் பார்க்கக் கட்டியதல்ல. சில வருடங்களுக்கு முன் சென்னையில் அவர் நெஞ்சைத் திறந்து உலோக வால்வு ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். அது சும்மா இருக்காது. டிக், டிக் என்று ஓடிக்கொண்டே இருக்கும். துறைமுகத்தில் மீன் ஏலம் கூவுகிற இரைச்சலில் யாருக்கும் கேட்காது. நாலு பேர் அமைதியாக உட்கார்ந்த இடத்தில் யாராவது காதைத் தீட்டினால், மணிக்கட்டைத் தூக்கிக் காட்டிவிடுவார். பழைய வாட்ச், சத்தம் ஜாஸ்தி என்பார்.

ஹேமலதாவைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட அதுதான் காப்பாற்றியது. மூலக்குளத்து மாப்பிள்ளை இனியவன் வீட்டுக்கு ஆபரேஷன் விஷயம் தெரியாது. தெரிந்தால், நெஞ்சு வியாதிக் குடும்பத்துப் பெண் வேண்டாம் என்று எழுந்து போய்விடுவார்கள் என்பது அவர் பயம். நிச்சயதார்த்தம் அடுத்த மாதம்.

முதலியார்பேட்டையில் இருக்கிற இந்தப் பல் ஆஸ்பத்திரியில் நர்ஸாக நிற்கிற கண்ணகி மாப்பிள்ளையின் சித்தி என்பது உள்ளே நுழைந்த பிறகுதான் தெரிந்தது. சர்க்கரை உண்டா, நெஞ்சு வியாதி உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று அவள்தான் கேட்டாள். ஒன்றுமில்லை என்று மூன்றுக்கும் தலையாட்டினார். பக்கத்திலிருந்த ஹேமலதா வாயைத் திறந்தபோது அவள் காலை மிதித்தார். உடைந்த பல் உரசி உரசி நாக்கின் ஓரத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி, அவ்வளவுதானே. லேசர் என்றால் ஒரு சொட்டு ரத்தம் வராது என்று கூட்டாளி சவரிராயன் சத்தியம் செய்திருந்தான்.

டாக்டர் ஜெஸ்டின் நாக்கில் ஊசி போட்டார். கடைவாய்க்கு நடுவே ரப்பர் கட்டை ஒன்றைச் செருகினார். கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டார். வலித்தால் இடது கையைத் தூக்கச் சொன்னார். மரத்துப் போகட்டும் என்று பக்கத்து அறைக்குப் போனார்.

அறையில் சத்தமே இல்லை.

டிக். டிக். டிக்.

கண்ணகி சுவரைப் பார்த்தாள். அங்கே கடிகாரம் கிடையாது. "வாட்சைத்தான் ஹேமாகிட்ட குடுத்தாச்சே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தெய்வநாயகம் தொண்டையைச் செருமினார். பயத்தில் வால்வு இன்னும் வேகமாக அடித்தது. அவள் இன்னும் கொஞ்சம் குனிந்தாள்.

நல்லவேளை, டாக்டர் வந்துவிட்டார். எச்சிலை உறிஞ்சும் குழாய் இரைய ஆரம்பித்ததும் எல்லாம் அதில் அமுங்கிப் போனது.

டாக்டர் காலால் பெடலை அழுத்தினார். கருவாடு சுடுகிற மாதிரி ஒரு வாடை. வலி இல்லை. தப்பித்தோம் என்று நினைத்தார். அடுத்த நிமிடமே டாக்டரின் கை நின்றது.

"லேசர்ல இவ்வளவு கசியக் கூடாதே" என்றார்.

கண்ணாடி ஜாடி சிவந்துகொண்டு வருவதை ஓரக்கண்ணால் பார்த்தார் தெய்வநாயகம். வால்வுக்காகக் காலையில் போட்ட, ரத்தத்தை உறையவிடாத மாத்திரை தன் வேலையைக் காட்டுகிறது. சொல்ல வேண்டும். சொன்னால் கல்யாணம் போச்சு. சொல்லாவிட்டால்? வாயில் கட்டை, நாக்கு செத்துக் கிடக்கிறது, கதவு சாத்தியிருக்கிறது. நினைத்தாலும் சொல்ல முடியாது. தொண்டைக்குள் உப்புக் கரித்தது.

இடது கையைத் தூக்கினார். டாக்டர் பெடலிலிருந்து காலை எடுத்ததும், கண்ணகியின் கையைப் பிடித்துத் தன் நெஞ்சின் மேல் வைத்து அழுத்தினார். சட்டைத் துணிக்கு அடியில் நீளத் தழும்பு அவள் விரலில் தட்டுப்பட்டது. அதற்கும் அடியில், டிக், டிக்.

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "டாக்டர், இவருக்கு வால்வு வச்சிருக்கு" என்றாள்.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. வால்வு வைத்தவர்களின் வாயில் கை வைக்கும் முன்பே ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வாய்க் கிருமி ரத்தத்தில் ஏறி வால்வில் உட்கார்ந்துகொள்ளும் என்று டாக்டர் கடிந்துகொண்டே ஊசி போட்டார். கசிந்த இடத்தை லேசரைக் கொண்டே அடைத்து, மேலே துணிச் சுருளை வைத்துக் கடிக்கச் சொன்னார். கட்டியைச் சோதனைக்கு அனுப்ப எடுத்து வைத்தார். சென்னை டாக்டரிடம் போனில் பேசினார். நாளைக் காலை வரை நாக்கை அசைக்கவே கூடாது என்றார்.

ஹேமலதாவை உள்ளே கூப்பிட்டார்கள். கண்ணகி அவளைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள்.

"நீங்க மறைச்சீங்க. நானும் கூடச் சேந்து மறைப்பேன்னு நெனைக்காதீங்கண்ணே. இன்னைக்கே எங்க அக்காவுக்குத் தெரியணும். என் வாயால வேணாம், உங்க வீட்டு வாயாலயே வரட்டும்."

தெய்வநாயகம் கும்பிட்டார். கொஞ்சம் பொறு என்று கையால் கெஞ்சினார். ஹேமலதா அதற்குள் போனை எடுத்துவிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள். அப்பாவுக்கு ஆபரேஷன் ஆனது, மாத்திரை சாப்பிடுவது, தானும் சேர்ந்து மறைத்தது என்று ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள்.

மறுமுனையில் இருந்தவள் இனியவனின் அம்மா பாக்யலட்சுமி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இது வழிவழியாக வருமா என்று மட்டும் கேட்டாள். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலால் கெட்ட வால்வு, பிள்ளைகளுக்கு வராது என்று சென்னை டாக்டர் சொன்னதை ஜெஸ்டின் எடுத்துச் சொன்னார்.

"அப்புறம் ஏன் மறைச்சாரு?"

ஹேமலதா அப்பாவைப் பார்த்தாள். கண்ணகி பார்த்தாள். டாக்டரும் பார்த்தார். அவர் ஒருவர் மட்டுமே பதில் சொல்ல வேண்டிய கேள்வி. துணியை எடுக்கக் கையைக் கொண்டுபோனார். டாக்டர் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"இப்ப பேச முடியாது அத்தை" என்றாள் ஹேமலதா.

"நாளைக்கு வரச் சொல்லு. நேர்ல வந்து சொல்லட்டும். மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்."

போன் அணைந்தது. அந்த நாற்காலியிலேயே, பல்லைக் கடித்தபடி, நாளைக்கு என்ன சொல்வது என்று தெய்வநாயகம் யோசிக்கத் தொடங்கினார்.